4032-ஆ, 2618-ஆ: ஃபோர்ஜ்டு பிஸ்டன் தேர்வு

4032, 2618 இரண்டும் பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவைகள். இரண்டும் ஃபோர்ஜ்டுதான் (வார்க்காமல், அழுத்தி அடித்து உருவாக்கியவை), வித்தியாசம் சிலிக்கானில். 4032-இல் சுமார் 12 சதவீதம், 2618-இல் கால் சதவீதத்துக்கும் கீழே. சிலிக்கான் கூடினால் பிஸ்டன் சூட்டில் குறைவாக விரியும். அதனால் 100 மி.மீ. போருக்கு (சிலிண்டர் துளையின் விட்டம்) 4032-ஐ சிலிண்டர் சுவரிலிருந்து ஏறக்குறைய 0.06–0.08 மி.மீ. இடைவெளியில் போடலாம், 2618 சுமார் 0.09–0.11 கேட்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் 'டக் டக்' இந்தக் கூடுதல் இடைவெளியால்தான், சூடானதும் அடங்கிவிடும்.

4032 தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) விழுந்தால் ரிங் லேண்ட் (பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவே உள்ள வரம்பு) உடையும். 2618 வளைந்து கொடுக்கும். டர்போ, நைட்ரஸ் (சக்தியைக் கூட்ட இன்ஜினுக்குள் செலுத்தும் வாயு) என்றால் யோசிக்கவே வேண்டாம், 2618. தினமும் ஓடும் டர்போ இல்லாத வண்டிக்கு 4032 போதும்; அதில் 2618 போடுவது வீண் பெருமை.

எதை எடுத்தாலும் பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது). தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்), மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொன்றாக அளந்து, டார்க் பிளேட் (ஹெட் இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கும் கனமான தகடு) இறுக்கி ஹோனிங் (துளைச் சுவரைக் கல்லால் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) செய்யுங்கள். பிளேட் இல்லாமல் ஹோன் செய்த போர், ஹெட் போல்ட்டை முறுக்கியதும் வட்டம் மாறிவிடும். அப்புறம் ஆயில் எரிகிறதே என்று ரிங்கைத் திட்டிப் பயனில்லை.