அமிட்ரிப்டிலினா, டுலொக்செட்டினா?

மனச்சோர்வும் தீராத உடல் உழைவும் சேர்ந்து வந்தவர்களுக்கு எழுதப்படும் மருந்துகளில் இவை இரண்டும் உண்டு.

அமிட்ரிப்டிலின் 1960களிலிருந்து பாவனையில் உள்ள மலிவான குளிசை. நோவுக்கு இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதனால்தான் சிலருக்குக் கால் எரிவு தணிந்தும் மனம் தேறுவதில்லை. கல்லடியில் ஒரு மாமி சொன்னார்: "நித்திரை நல்லா வருது மகன், ஆனா விடிய வாய் காஞ்ச ஓலை மாதிரிக் கிடக்கு." தலைமாட்டில் எப்போதும் தண்ணீர்ச் செம்பு. மலச்சிக்கல், எடை கூடுதல் வேறு. இதய வருத்தக்காரருக்குக் கவனம் தேவை.

டுலொக்செட்டின் வழக்கமாக 30இல் தொடங்கி 60 மில்லிகிராமுக்குப் போகும். அந்த அளவே மனதுக்கும் நீரிழிவு நரம்பு நோவுக்கும் பொருந்தும். ஆனால் முதல் நாட்களில் ஒங்காளம். வேர்வையும் கூடும், அதுவும் மட்டக்களப்பு வெயிலில்! அக்கரைப்பற்றில் ஒருவர் சத்தி தாங்காமல் இடையில் விட்டுவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த அவருடைய தங்கைக்கு அந்தத் தொல்லையே இல்லை. சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றும், தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வும் வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நித்திரையில்லாத நோவு மட்டும் என்றால் பழைய அமிட்ரிப்டிலின். மனமும் விழுந்திருந்தால் டுலொக்செட்டின் பற்றி டொக்டரிடம் கேளுங்கள் என்பேன். இரண்டையும் நீங்களாகச் சேர்த்து எடுக்காதீர்கள்: டுலொக்செட்டின், இரத்தத்தில் அமிட்ரிப்டிலின் அளவை ஏற்றிவிடும்.