படகு எஞ்சின் ரிப்பேர் என்று 4,600 வெள்ளி வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். பழைய இன்போர்டு வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகப் படிக்கவும்

4,600 சிங்கப்பூர் வெள்ளி. பழைய இன்போர்டு டீசல் எஞ்சின் (படகுக்கு உள்ளேயே பொருத்தியது), ஓடும்போது இழுவை குறைகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதற்கு ஒருவர் என்னிடம் வாங்கிய தொகை. எஞ்சினில் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது, அதனால் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை, போட்டால் என்மேல் வக்கீல் கடிதம் வரும் என்கிறார்கள். ஏர்கான் சர்வீஸிலிருந்து பைப் ஒழுகல் வரைக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆன்லைன் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றில் படகு எஞ்சின் பழுது என்று ஐந்து நட்சத்திரத்தோடு இருந்தார்.

படகு நானும் மச்சானும் சேர்ந்து வாங்கியது, நான்கு சிலிண்டர் டீசல். கோளாறு இப்படி: சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கும். நியூட்ரலில் த்ராட்டிலைத் தள்ளினால் முழு ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) ஏறும். சாங்கியை விட்டு வெளியே வந்து வேகம் கொடுத்தால் கொஞ்ச நேரம் நன்றாக இழுக்கும், அப்புறம் 2,400இல் இருந்து தானாக 1,500க்கு இறங்கிவிடும். புகை கிடையாது, சூடும் ஏறாது. அணைத்துப் போட்டுச் சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். இதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன்.

அவர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் பேசினார், எங்கள் அப்பா ஊருக்குப் பக்கத்து ஊர். எஞ்சின் மூடியைத் திறந்து வால்வு கவர்மேல் உள்ளங்கையை வைத்து, பேசாமல் நின்று சத்தத்தைக் கேட்டார். என் மகளைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு பாகமாகப் பெயர் சொல்லிக் கொடுத்தார். "அண்ணே, பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற படகு, நான் அரைகுறையா விடமாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் போனில் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) சோதனை வீடியோ ஒன்றைக் காட்டி, "டீசல் இப்படிப் பனி மாதிரி வரணும், உங்களோடது சொட்டுது, நாலும் போச்சு, பம்பையும் பிரிச்சுப் பார்க்கணும்" என்றார். கழற்றவே இல்லாத இன்ஜெக்டர் சொட்டுகிறது என்று குழந்தைக்கு முன்னால் நின்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

முன்பணம் 3,000, பேநவ்வில், அதாவது போன் வழியாக நேராக அவர் வங்கிக் கணக்குக்கு. தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், அதை உங்களுக்கே குறைத்துத் தருகிறேன் என்றார். வேலை முடிந்தது என்று கூப்பிட்டபோது எஞ்சின் முழுக்கப் புது சாம்பல் பெயிண்ட், பளபளவென்று இருந்தது. துறையில் கட்டியபடியே நியூட்ரலில் முறுக்கிக் காட்டினார், முழு ஆர்பிஎம். மீதி 1,600 அங்கேயே அனுப்பினேன்.

அடுத்த முறை குடும்பத்தோடு போனோம். உபின் தீவுக்கும் டெக்கோங் தீவுக்கும் இடையில் அதே மாதிரி 1,500க்கு விழுந்தது. நீரோட்டம் டெக்கோங் பக்கம் இழுக்கிறது, அது ராணுவப் பயிற்சித் தீவு, அனுமதி இல்லாமல் ஒதுங்க முடியாத இடம். மச்சான் நங்கூரத்தைப் போட்டு, காத்திருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில் "டீசல் மட்டம் அண்ணே, வேற இடத்துல அடிங்க". அப்புறம் "பழைய எஞ்சின், இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க". அப்புறம் ஜோகூரில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன். வெள்ளிக்கிழமை போன் அணைந்திருந்தது. பிறகு வேறு ஒருவர் எடுத்து, அவர் இப்போது எங்களோடு இல்லை என்றார். கழற்றிய பழைய இன்ஜெக்டரையாவது கொடுங்கள் என்றேன், தூக்கிப் போட்டாகிவிட்டதாம். தளத்துக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் எழுதிய விமர்சனமும் காணாமல் போய்விட்டது. ஐந்து நட்சத்திரம் அப்படியே இருக்கிறது.

நேற்று பக்கத்துப் படகு அங்கிள், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தானாக வந்து பார்த்தார். ஒரு ஜெரி கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் பைப்பையும் சேர்த்துக் கேனில் விட்டார். வெளியே போய் முழு வேகத்தில் ஓட்டினோம். இறங்கவே இல்லை. அப்படியென்றால் எஞ்சினில் கோளாறே இல்லை, டேங்க் பக்கம்தான். உறிஞ்சு பைப்பை வெளியே எடுத்தால் அதன் நுனியில் உள்ள சல்லடை முழுக்கக் கறுப்பாகக் கொழகொழவென்று அடைத்திருந்தது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் டேங்கில் தண்ணீர் சேரும், அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து இப்படிப் படியும் என்றார். நியூட்ரலில் எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அதனால் தெரியாது. சுமையோடு ஓடும்போது நிறைய உறிஞ்சும், அழுக்கு சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். அணைத்தால் உதிர்ந்துவிடும், மறுபடி ஓடும். நான் முதல் நாள் சொன்ன அறிகுறி முழுக்க இதுவேதான்!

அப்புறம் அவர் இன்ஜெக்டர் பைப் நட்டுகளில் புதுப் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். அடியில் பழைய பெயிண்டும் எண்ணெய்ப் பிசுக்கும் விரிசல்கூட இல்லாமல் இருக்கின்றன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. டேங்கைச் சுத்தம் செய்து இரண்டு ஃபில்டரும் மாற்ற நூற்றுச் சொச்சம் வெள்ளிதான் ஆனது. அந்த ஆள் வாங்கியது 4,600.

விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். இழுவை குறைந்தால் முதலில் ஃபில்டர், டேங்க் காற்றுத் துவாரம், உறிஞ்சு பைப். கேன் சோதனை செய்யாமல் யாரையும் இன்ஜெக்டரில் கைவைக்க விடாதீர்கள். கரும்புகை வந்தால் ப்ரொப்பெல்லரில் சிப்பி ஒட்டியிருக்கிறதா, காற்று உள்ளே போகும் வழி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் முறுக்கிக் காட்டுவதை நம்பி மீதிப் பணம் கொடுக்காதீர்கள், கடலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் நட்டுகளைச் சுரண்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஸ்மால் கிளைம்ஸ் டிரிப்யூனலுக்கு (சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) போகலாம், 20,000 வெள்ளி வரை எடுத்துக்கொள்வார்கள், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப், பேநவ் ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். நான் இன்றிரவே படிவம் நிரப்புகிறேன், பயனீட்டாளர் சங்கத்துக்கும் எழுதுகிறேன். இதே பெயிண்ட் வேலை வேறு யார் படகிலாவது நடந்திருந்தால் படத்தோடு எனக்கு அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.