சிவப்பா, மஞ்சளா, ஆரஞ்சா, பனிக்கட்டியா: உயிரை எங்கே தேடலாம்?

ஒரு கோள் 'வாழத்தகு மண்டலத்தில்' கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வந்தால், நீலக் கடலும் மேகமுமாக ஒரு படமும் கூடவே வந்துவிடும். அது ஓவியர் கைவண்ணம். யாரும் எடுத்த புகைப்படம் இல்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கொஞ்சம்தான்: குளிர்காய்கிறவர் தீயை விட்டு அகலாமலும் அணுகாமலும் உட்காருவது போல, அந்தக் கோள் தன் நட்சத்திரத்திலிருந்து சரியான தூரத்தில் சுற்றுகிறது. தகுந்த காற்று மண்டலம் இருந்தால் தரையில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். சிக்கல் எல்லாம் அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான்.

நம் சூரியனுக்கு 1993-ல் விஞ்ஞானி ஜேம்ஸ் காஸ்டிங் குழு போட்ட கணக்கில் இந்த மண்டலம் 0.95 முதல் 1.37 வானியல் அலகு வரை (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்தான் ஒரு அலகு). 2013-ல் ரவிக்குமார் கொப்பரப்பு குழு அதைத் திருத்தியது: 0.99 முதல் ஏறக்குறைய 1.7 வரை. பூமி இருப்பது 1-ல். அதாவது புதிய கணக்கின்படி நாமே உள்விளிம்பை ஒட்டித்தான் குடியிருக்கிறோம். 1.52-ல் இருக்கும் செவ்வாய் மண்டலத்துக்குள் சௌகரியமாக வருகிறது, ஆனால் அங்கே இன்று ஆறும் இல்லை, ஏரியும் இல்லை.

அதனால் போட்டியாளர்களை ஒப்பிட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். அங்கே உயிர் தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டா? இருந்தால் நம்மால் கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் ஒன்றில் முந்துகிறவர் இன்னொன்றில் பின்தங்குகிறார்.

இன்று அதிகம் பேசப்படுவது சிவப்புக் குள்ளர்கள் எனப்படும் சிறிய, மங்கலான நட்சத்திரங்களின் கோள்கள்தான். நம் பால்வழி அண்டத்தின் நட்சத்திரங்களில் நாலில் மூன்று பங்கு இந்த ரகம். இரண்டாவது கேள்வியில் இவற்றை யாரும் அசைக்க முடியாது. 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரம் வியாழனைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அதன் ஏழு கோள்களில் இ, எஃப், ஜி என்ற மூன்றும் வாழத்தகு மண்டலத்தில் வருகின்றன. பூமியளவே உள்ள 'இ' கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி சுமார் 0.5 சதவீதம் மங்குகிறது. பூமி சூரியனைக் கடக்கும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 0.008 சதவீதம்தான் மங்கும். அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. 'இ' ஆறு நாளுக்கு ஒரு தடவை வந்து நிற்கிறது. தொலைநோக்கி நேரத்துக்கு அடித்துக்கொள்ளும் ஆட்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் கேள்விக்கு வந்தால்தான் தடுமாற்றம். இந்த நட்சத்திரங்கள் அடிக்கடி சீறும். 2016-ல் நமக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரியில் ஒரு தீப்பிழம்பு எழுந்தது. வழக்கமாகத் தொலைநோக்கி இல்லாமல் தெரியாத அந்த நட்சத்திரம் சில நிமிடங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பிரகாசித்தது. அதை 11 நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோளின் கதியை நினைத்துப் பாருங்கள். கோளின் ஒரே பக்கம் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி பூட்டிக்கொள்ளும் என்பதையும் பலர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஓரளவு அடர்த்தியான காற்று இருந்தால் அதுவே வெப்பத்தை இருட்டுப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. உண்மையான ஆபத்து இளமையில் இருக்கிறது. சிவப்புக் குள்ளன் நிதானத்துக்கு வருமுன் பல கோடி ஆண்டுகள் இப்போதைவிடப் பிரகாசமாக எரிகிறது. இன்று இதமான தூரத்தில் இருக்கும் கோள் அப்போது அடுப்பில் இருந்திருக்கும். கடல் ஆவியாகி, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப்போயிருக்கும். 2023-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது டிராப்பிஸ்டின் 'பி' வெறும் பாறையாகத் தெரிந்தது. 'சி'-யில் தடித்த கரியமிலவாயு மண்டலம் இல்லை. இரண்டும் நட்சத்திரத்துக்கு மிக நெருக்கமானவை, அதனால் 'இ'-யைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்ட முடியாது. 'இ'-யின் முதல் அளவீடுகள் 2025-ல் வெளிவந்தன. காற்று உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை; நட்சத்திரத்தின் மேலுள்ள கரும்புள்ளிகளே அளவீட்டைக் குழப்புகின்றன.

இதே ரக நட்சத்திரத்தைச் சுற்றும் கே2-18பி என்ற கோளைச் சேர்க்காவிட்டால் யாராவது கேட்பார்கள். 124 ஒளியாண்டு தொலைவு, பூமியைப் போல் 8 மடங்குக்கு மேல் எடை. கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் அங்கே டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவின் தடயம் இருப்பதாகச் சொன்னது. பூமியில் அதைப் பெருமளவு உண்டாக்குபவை கடல் நுண்ணுயிர்கள். அதே தரவை எடுத்து அலசிய மற்ற குழுக்களுக்கு அந்தத் தடயம் பிடிபடவில்லை. தரை என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியாத கோள் இது. என் பட்டியலில் இதற்கு இடமில்லை.

மஞ்சள் நட்சத்திரம், அதாவது நம் சூரியன் ரகம். உயிர் சாத்தியம் என்பதற்கு நாமே சாட்சி, வேறு வாதம் தேவையில்லை. ஆனால் கண்டுபிடிப்பதில் படுதோல்வி. 2015-ல் 'பூமியின் அண்ணன்' என்று கொண்டாடப்பட்ட கெப்ளர்-452பி என்ற கோள், 385 நாளில் சுற்றி வருகிறது, பூமியைப் போல் 1.6 மடங்கு அகலம். ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதால் அதன் எடையைக்கூட அளக்க முடியவில்லை. காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. இவற்றை நேரடியாகப் படம் எடுக்க நாசா திட்டமிடும் தொலைநோக்கி 2040களில்தான் வரும்.

ஆரஞ்சு நட்சத்திரங்கள் நடுவில். சூரியனைவிடச் சிறியவை, அதனால் 1,000 கோடி ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவை. இளமைச் சீற்றமும் சிவப்புக் குள்ளர்கள் அளவுக்கு நீடிப்பதில்லை. காகிதத்தில் இவைதான் சிறந்தவை. கெப்ளர்-442பி என்ற கோள் நல்ல உதாரணம், ஆனால் அதுவும் சுமார் 1,200 ஒளியாண்டு தள்ளி. பக்கத்திலேயே குறுக்கே கடக்கும் ஒன்று கிடைத்தால் ஆட்டமே மாறும்.

சரி, இந்த மண்டலக் கணக்கே இல்லாமல் விளையாடும் ஒருவர் இருக்கிறார். சனியின் நிலா என்செலடஸ், சூரியனிலிருந்து 9.5 வானியல் அலகு தொலைவில், சுமார் 500 கிலோமீட்டர் விட்டம். பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல். அதை உறையாமல் வைப்பது சூரியன் அல்ல, சனியின் ஈர்ப்பு பிசைந்து பிசைந்து உண்டாக்கும் வெப்பம். 2005-ல் காசினி விண்கலம் அதன் தென்துருவ வெடிப்புகளிலிருந்து நீர் பீறிடுவதைக் கண்டது, பிறகு அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்தது. 2017-ல் ஹைட்ரஜன் கிடைத்ததாக அறிவித்தார்கள். நுண்ணுயிர்களுக்கு அது சாப்பாடு. 2023-ல் காசினியின் பழைய தரவிலிருந்தே உயிருக்குத் தேவையான பாஸ்பேட்டும் வெளிவந்தது. துளையிட வேண்டாம், இறங்கக்கூட வேண்டாம், பறந்துபோய் அள்ளினால் போதும். பிராக்சிமாவுக்கு வாயேஜர்-1 விண்கலத்தின் வேகத்தில் போனால் சுமார் 75,000 ஆண்டு ஆகும். சனிக்குக் காசினி ஏழு ஆண்டில் போய்ச் சேர்ந்தது. வியாழனின் நிலா யுரோப்பாவும் இதே வகைதான், 2024-ல் கிளம்பிய யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-ல் வியாழனை அடையும்.

ஆக என் வரிசையில் என்செலடஸ் முதலில், பக்கத்தில் ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆரஞ்சு அடுத்து. சிவப்புக் குள்ளர்களுக்கு மூன்றாம் இடம்தான் என்றாலும் வெப்பின் நேரத்தை இப்போது அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு எட்டும் தூரத்தில் வேறு நல்ல ஆள் இல்லை. டிராப்பிஸ்ட் 'இ'-யில் காற்று இருப்பது உறுதியானால், இளமைச் சூட்டையும் தாண்டிக் காற்று தங்கும் என்றாகிவிடும். அப்போது நாலில் மூன்று பங்கு நட்சத்திரங்கள் மறுபடி ஆட்டத்துக்குள் வரும், இந்த வரிசையையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.