லேசரின் நிறத்தை மாற்றப் படிகமா, அயனியாகும் வாயுவா?

சித்தூர்–திருப்பதி சாலையை ஒட்டிய காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் லைடார் (லேசர் ஒளியால் வளிமண்டலத்தை அளக்கும் கருவி) 532 நானோமீட்டர் பச்சை ஒளியை வானத்துக்கு அனுப்புகிறது. அந்த லேசரில் முதலில் பிறப்பது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஒரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கித் தருகிறது. 1961-ல் ஃபிராங்கன் குழு ரூபி லேசரை வைத்துச் செய்து காட்டிய வித்தை இது. ஆண்டுக்கணக்கில் ஒரே நிறம் வேண்டிய வேலைக்குப் படிகத்தை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் நகரி, புத்தூர்ப் பக்கம் இயற்பியல் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் அதோடு நின்றுவிடக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 100 லட்சம் கோடி வாட் செறிவுள்ள ஃபெம்டோ வினாடித் துடிப்பை (ஒரு ஃபெம்டோ வினாடி, வினாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) குவித்தால் படிகம் பழுதாகிவிடும். வாயு தாங்கும்.

வாயு அயனியாகாத வரை, அதாவது அதன் அணுக்கள் எலக்ட்ரானை இழக்காத வரை, கெர் விளைவுதான் வேலை செய்யும். செறிவு ஏறும்போது, ஒளியலை எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்ணும் ஏறும், இறங்கும்போது இறங்கும். அதனால் துடிப்பின் முன்பகுதி சிவப்புக்கும் பின்பகுதி நீலத்துக்கும் நகரும். நிறமாலை இரண்டு பக்கமும் விரியும், அவ்வளவுதான்.

அயனியாக்கம் அப்படி இல்லை. 800 நானோமீட்டர் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்றின் ஆற்றல் 1.55 எலக்ட்ரான் வோல்ட், ஆர்கானிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 15.76 வேண்டும். அத்தனை வலுவான ஒளிப்புலம் அதையும் பிடுங்கிவிடுகிறது. விடுபட்ட எலக்ட்ரான்கள் ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கின்றன. சாதாரண அழுத்தத்தில் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் போனாலே சுமார் 0.008 இறங்கிவிடும். சின்ன எண்தான், ஆனால் இறக்கம் துடிப்பு கடந்து போகும் நேரத்துக்குள்ளேயே நடக்கிறது. பின்னால் வரும் அலைமுகடுகள் வேகமெடுத்து முன்னதை நெருங்குகின்றன; அதிர்வெண் கூடுகிறது. துடிப்பு முடிவதற்குள் எலக்ட்ரான்கள் அணுவுக்குத் திரும்புவதில்லை. ஆகவே அயனியாக்கம் தரும் நகர்வு நீலத்தை நோக்கி மட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த ஒருவழித்தன்மைதான். 1991-ல் வுட், சைடர்ஸ், டௌனர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்த நகர்வை அளந்தே, அயனியாக்கம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கண்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கற்றையின் நடுவில் எலக்ட்ரான்கள் அதிகம் என்பதால் பிளாஸ்மா (அயனியான வாயு) குழிவில்லை போல ஒளியைச் சிதறடிக்கும். எலக்ட்ரான்களைப் பிடுங்கவும் ஆற்றல் செலவாகும். சிதறலுக்கு நல்ல மருந்து, வாயு நிரப்பிய உள்ளீடற்ற ஒளியிழை. 2011-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் அதில் சில மைக்ரோஜூல் துடிப்புகளைச் செலுத்தினார்கள். துடிப்பு இழைக்குள் தானே சுருங்கிச் செறிவேறி, வாயுவை அயனியாக்கி, நீலத்துக்கு நகர்ந்தது.