கோட்டையா, ஃபியோர்டா?

பதினாறு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டு விடுதிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காக, பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் யுனைட்டெட் வேர்ல்ட் காலேஜ் பள்ளிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் ஐபி டிப்ளோமா என்ற இரண்டாண்டுப் பள்ளி இறுதிப் படிப்புதான். வேறுபடுவது அன்றாட வாழ்க்கை.

வேல்ஸில் 1962இல் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரி, கடலோரத்துச் செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் இருக்கிறது. எதிரே உள்ள பிரிஸ்டல் கால்வாயில் கடல்மட்டம் ஏறி இறங்கும் உயரம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. அந்தக் கடலில் மாணவர்களே மீட்புப் பணி செய்தார்கள். கெட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த விளிம்புக் குழாயும் கொண்ட படகு 1960களில் அங்கேதான் உருவானது. பிரிட்டனின் உயிர்காப்புப் படகு வகையொன்று இன்றும் 'அட்லாண்டிக்' என்றே அழைக்கப்படுகிறது. படிக்கும் வயதில் இப்படி ஒரு பொறுப்பு கிடைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நார்வேயில் ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கிடையே உள்ளே நுழையும் குறுகிய கடல், அதன் ஓரத்து ஃப்ளெக்கே கிராமத்தில் 1995இல் தொடங்கிய ரெட் கிராஸ் நார்டிக் பள்ளியில் ஏறத்தாழ 200 பேர்தான். பக்கத்திலேயே செஞ்சிலுவைச் சங்கத்தின் மறுவாழ்வு மையம். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிக்காது.

கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளை என்றால் நார்வேயைத்தான் சொல்வேன். அவ்வளவு சிறிய இடத்தில், சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் கண்ணில் படும். இருட்டு மனத்தை அழுத்தும் பிள்ளைக்கு வேல்ஸ்தான் சரி.