ஆறு வருஷம் ஒரு ஆடு வளர்த்த கதை

என் 1967 பாண்டியாக் ஜிடிஓ காரை விற்கப் போகிறேன். விளம்பரம் எழுத உட்கார்ந்தால் "முழுக்கப் புதுப்பித்தது, எல்லாம் ஒரிஜினல், ஒரு தடவை ஓட்டினால் விடமாட்டீர்கள்" என்றுதான் கை தானாகப் போகிறது. 2019இல் நான் பார்த்து மயங்கிய விளம்பரமும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் முதலில் ஓட்டிய அனுபவத்தை எழுதிவிடுகிறேன், விளம்பரம் அப்புறம்.

ஜிடிஓவுக்கு அமெரிக்கர்கள் வைத்த செல்லப்பெயர் ஆடு. எங்கள் வீட்டில் பாண்டி. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்த காலம். அதன் கிளையான பாண்டியாக்கில் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். தனி மாடல் என்று சொன்னால்தானே விதி? 1964இல் லெமான்ஸ் என்ற தங்கள் காருக்கு விருப்பத் தேர்வு என்று சொல்லி 389 கன அங்குல எஞ்சினை உள்ளே இறக்கிவிட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டார்கள். 1967இல் எஞ்சின் 400 கன அங்குலம் ஆனது, அதாவது 6.6 லிட்டர். என்னுடையதில் இருப்பது 335 குதிரைத்திறன் ரகம்.

ஓஹாயோவில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் வாங்கினேன். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, நாலு கியர் மேனுவல். "ஃபேக்டரியிலிருந்து வந்தது வந்தபடி" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். வாங்கிய பிறகுதான் பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்குப் பணம் கட்டி, இந்த வண்டி தொழிற்சாலையை விட்டுப் போனபோது போட்ட இன்வாய்ஸின் நகலை வரவழைத்தேன். வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. நிறம் லிண்டன் கிரீன், கியர் ஆட்டோமேட்டிக் என்று இருந்தது. டார்ச்சோடு எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். YS என்று குத்தியிருந்தது. அந்த வருஷத்து 335 குதிரைத்திறன் எஞ்சின் ஆட்டோமேட்டிக்குக்குப் போனதற்கான குறியீடு. எஞ்சின் எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போனது மட்டும் ஆறுதல். டிக்கியின் மூலையில் ரப்பர் பட்டையை உரித்தால் இன்றைக்கும் பச்சை எட்டிப் பார்க்கும்.

சரி, ஓட்டுவது எப்படி இருக்கும்? காலையில் சும்மா சாவியைத் திருப்பினால் கிளம்பாது. ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை மிதித்து காற்றைக் குறைக்கிற சோக்கை விழ வைத்து, அப்புறம் திருப்ப வேண்டும். ஒரு குலுக்கல், எரியாத பெட்ரோல் வாசம், பிறகு வயிற்றுக்குள் கேட்கிற ஒரு உறுமல். அந்த வாசம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. கடை வாசலில் நிறுத்துவது ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற மாதிரி. ஆனால் நாற்பது மைல் வேகத்தில் மூன்றாவது கியரில் அழுத்திப் பாருங்கள். முன்பக்கம் லேசாகத் தூக்கி, முதுகை சீட்டோடு சேர்த்து ஒரு தள்ளு தள்ளும். பக்கத்து வீட்டு மின்சாரக் கார் சிக்னலில் இதைச் சர்வசாதாரணமாகத் தோற்கடிக்கும், அது வேறு விஷயம்.

பெயர்தான் ஆடு, தீனி யானைத் தீனி. காலனுக்குப் பத்து பதினோரு மைல், லிட்டர் கணக்கில் நாலரை கிலோமீட்டர் மாதிரி. அதுவும் 93 ஆக்டேன் உயர்ரகப் பெட்ரோல்தான் போட வேண்டும். குறைத்தால் மேடேறும்போது எஞ்சின் டக்டக்கென்று தட்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடுவதால் அத்தனையையும் மாற்றினேன். பிரேக் நாலு சக்கரமும் டிரம். மழையில் ஒரு தடவை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனதோடு போதும் என்று முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டுவிட்டேன். கழற்றிய டிரம்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, வண்டியோடு வரும். பெல்ட் இடுப்புக்கு மட்டும்தான். அதனால் மகளை ஹைவேயில் இதில் கூட்டிப்போக என் மனைவி கடைசிவரை சம்மதிக்கவில்லை.

என்னை அதிகம் படுத்தியது சூடு. இங்கே மிச்சிகனில் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் டிரீம் குரூஸ் நடக்கும். அறுபதுகளில் இளவட்டங்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்ந்துகொண்டே போகும். முதல் வருஷம் வழியில் இருக்கிற பர்மிங்ஹாம் ஊரைத் தாண்டுவதற்குள் பாண்டி கொதித்துவிட்டது. அடுத்த வருஷம் கோவிட்டால் குரூஸே இல்லை. அந்த இடைவெளியில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், விசிறி கிளட்ச் எல்லாம் மாற்றினேன். 2021இல் மறுபடியும் கொதித்தது. ஓரமாக பானெட்டைத் திறந்து வைத்து நின்றபோது மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பாண்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "வாட்டர் பம்புக்குப் பின்னால் இருக்கிற தகட்டைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

அப்படி ஒரு தகடு இருப்பதே எனக்குத் தெரியாது. பம்பின் இறக்கைகளுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். இடம் அதிகமானால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகாமல் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். புதுப்பித்தவர்கள் பம்பை மாற்றியபோது இதைக் கண்டுகொள்ளவில்லை. கழற்றிப் பார்த்தால் என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது. களிமண் உருண்டை வைத்து அளந்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டை நெருக்கினேன். ஒரு சனிக்கிழமை வேலை. அதற்குப் பிறகு கொதிக்கவே இல்லை.

எண்ணெய் ஒழுகல் தீரவில்லை. கிராங்க்ஷாஃப்டின் பின்னால் எண்ணெயை அடைக்கிற சீல் இந்த எஞ்சின்களில் கயிறு. ஒழுகாத கயிற்றுச் சீலை நான் பார்த்ததில்லை. காரேஜ் தரையில் தினம் ஒரு புள்ளி. "நான் வாசலில் வைப்பதைவிட உன் பாண்டி ஒழுங்காகப் புள்ளி வைக்கிறான்" என்பாள் மனைவி.

பழைய கார்களுக்கான ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் என்பதால் கண்காட்சி, ஊர்வலம், கிளப் வேலைகளுக்குத்தான் வெளியே எடுக்கலாம்; ஆகஸ்ட் மாதம் மட்டும் இஷ்டப்படி ஓட்ட மாநிலம் விடுகிறது. அந்த ஒரு மாதம் ஆபீஸுக்கே இதில்தான் போவேன். பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடத் தொடங்கினால் போர்த்தி வைத்துவிடுவேன்.

விற்பதற்குக் காரணம் என் இடது முழங்கால். அந்த கிளட்சை மிதிக்க இனி முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு ஒருவர் பார்க்க வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். பெயின்ட்டைத் தடவிக்கொண்டே "துரு எதுவும் இல்லையே?" என்றார். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிள்ளையார் காந்தத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். பிள்ளையார் ஒட்டவில்லை, கீழே விழுந்தார். பெயின்ட்டுக்கு அடியில் அங்கே இருப்பது தகரம் இல்லை, ஒரு கையகலத்துக்கு அடைத்த பட்டிப் பசைதான். அவர் குனிந்து பொறுக்கி, காரைச் சுற்றி ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.