85,000 ரூபாய்க்கு ஒரு படம் - வீட்டுப் பிளான் போட ஆள் தேடுகிறவர்கள் வாசியுங்கள்

நேற்றுப் பின்னேரம்தான் எனக்குப் பிளான் போட்டுத் தந்த ஆட்கள் என் போன் இலக்கத்தை அடைத்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். போனது 85,000 ரூபாய். இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை, ஒரு பை சீமெந்து இறக்கவில்லை. வெறும் பிளானுக்குப் போன காசு.

எங்களுக்குக் கிளிநொச்சி வட்டக்கச்சியில் அரை ஏக்கர் மேட்டுக்காணி. 2013இல், போரில் வீடிழந்த ஆட்களுக்கு இந்திய அரசு உதவிய இந்தியன் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில்தான் இவ்வளவு நாளும் இருந்தோம். ஐந்தரை லட்சம் ரூபாய் உதவி, 550 சதுர அடி. தறப்பாளுக்குக் கீழே இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அது அரண்மனை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அம்மா, நான், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர். காணியின் முன்பக்கம் மூன்று அறையோடு ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று இரண்டு வருடமாகச் சேர்த்தோம்.

சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம். வீட்டுப் பிளான், முப்பரிமாணப் படம், பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடம் எல்லாம் ஒரே இடத்தில், சதுர அடிக்கு 100 ரூபாய் என்று விளம்பரம். அழைத்தேன். எடுத்த பெடியனின் குரல் எங்கள் பக்கத்துக் குரல். "அண்ணை, நாங்களும் வன்னிதான், உங்கட காணியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை" என்றான். அந்த ஒரு வசனத்தில் பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி எப்படி விழுந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இன்னமும் எரிகிற இடம் அதுதான். "வீட்டில வயசான ஆக்கள் இருக்கினமோ?" என்று அவன்தான் கேட்டான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இரவில் மூன்று தரம் எழும்புவா என்றேன். "அப்ப அம்மாவின்ர அறையோட ஒட்டி பாத்ரூம் வைப்பம். கதவு மூன்றடி அகலம், படி இல்லாமல். நாளைக்கு சக்கர நாற்காலி வந்தாலும் போகலாம்." இதை நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். போனை வைத்துவிட்டு மனைவியிடம், "மனுசத்தன்மை உள்ள பெடியன்" என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனோ தெரியாது.

வடக்கு எந்தப் பக்கம், ரோட்டு எந்தப் பக்கம், கிணறு எங்கே, பெரிய வேம்பு எங்கே என்று கொப்பித் தாளில் கீறிப் படம் எடுத்து அனுப்பினேன். 850 சதுர அடி, ஆகவே 85,000. முற்பணம் 45,000. கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது, நிறுவனத்தின் பெயரில் இல்லை. கேட்டதற்கு, "சேரின்ர மனுசி, வரி அலுவல் அண்ணை" என்றான். போட்டேன்.

பத்தாம் நாள் முப்பரிமாணப் படம் வந்தது. சாம்பல் நிறச் சுவர், கண்ணாடிக் கதவு, முற்றத்தில் புல்லு, ஒரு வெள்ளைக் கார். எங்களிடம் கார் இல்லை. பிள்ளைகள் போனைக் கையிலிருந்து விடவில்லை. அம்மாவும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆற்ற வீடு இது?" என்று கேட்டா. இப்போது யோசித்தால், சரியான கேள்வி கேட்டது அவ ஒராள்தான். அன்றிரவே மீதி 40,000ஐயும் அனுப்பினேன். மீதி போனால்தான் அளவோடு பிளான் அனுப்புவார்களாம்.

பிளான் வந்தது. எனக்குப் படம் வாசிக்கத் தெரியாது, அதனால் மேசன் அண்ணையிடம் கொண்டுபோனேன். இருபது வருடமாக வீடு கட்டுகிறவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் பார்த்தார். "தம்பி, இந்தக் களஞ்சிய அறை என்ன மூன்றடி அகலம், பதினொரு அடி நீளம்?" என்றார். நான் என்ன சொல்ல? அவரே சொன்னார். "இது படி வந்த இடம். ஆற்றையோ மேல்மாடி வீட்டை வெட்டிக் குறைச்சுத் தந்திருக்கிறாங்கள்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாத்ரூம் அம்மாவின் அறையோடு இல்லை. பெரிய அறையோடு ஒட்டியிருந்தது. அம்மாவின் அறையிலிருந்து அங்கே போக ஒரு நடைபாதை, 4 அடி அகலம், 22 அடி நீளம். 88 சதுர அடி. சதுர அடிக்கு 100 ரூபாய் என்றால், என் தாய் இரவில் முழங்காலை இழுத்துக்கொண்டு நடக்கப்போகிற பாதைக்கே நான் 8,800 ரூபாய் கட்டியிருக்கிறேன். சதுர அடிக்குக் காசு வாங்குகிறவன் வீட்டை ஏன் சுருக்கப்போகிறான்? இது முதலே மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

அறைகள் 10க்கு 10 என்று போட்டிருந்தது. அது சுவரையும் சேர்த்து வெளிப்பக்க அளவு. இரண்டு பக்கமும் 6 அங்குலக் கல்லு, பூச்சையும் கழித்தால் உள்ளே 9 அடிகூட வராது. ஆறேகால் அடிக் கட்டில், இரண்டடி அலுமாரி, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்தால் இடையில் ஒரு சாண்கூட மிஞ்சாது. கதவைத் திறந்தால் அலுமாரியில் இடிக்கும். மேசன் அண்ணை கட்டிலைப் பென்சிலால் கீறிக் காட்டும்வரை எனக்கு இது விளங்கவில்லை.

குசினி தென்மேற்கு மூலையில். ஆனி, ஆடியில் இங்கே சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, எப்படி அடிக்கும் என்று வன்னிக்காரனுக்குச் சொல்லவும் வேணுமோ? நாங்கள் இன்னும் விறகு எரிக்கிற ஆட்கள். புகையும் சாம்பலும் நேரே ஹோலுக்குள் வரும். வாடைமழை சாய்ந்தடிக்கும் வடகிழக்குப் பக்கம் பெரிய பெரிய ஜன்னல்கள், மேலே ஒரு தாழ்வாரம்கூட இல்லை. நிலமட்டத்திலிருந்து ஒரே ஒரு அடி உயரத்தில் வீட்டுத் தளம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது தெரிந்த எவனும் ஒரு அடி என்று எழுத மாட்டான். நாங்களும் வன்னிதானாம்!

எல்லாவற்றிலும் மோசம் மலக்குழி. என் கொப்பித் தாளில் கிணறு எங்கே இருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டியிருந்தேன். அவர்கள் குழி வைத்த இடம் கிணற்றிலிருந்து 22 அடி. குறைந்தது 50 அடியாவது தள்ள வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர் ஊர் ஊராகச் சொல்கிற விசயம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம்.

சரி, பிழை வரும், திருத்தலாம் என்றுதான் முதலில் அமைதியாகக் கேட்டேன். "சேர் சைட்டில நிக்கிறார்." அடுத்த நாள், "சேர் கொழும்பு போட்டார்." அதற்கடுத்த நாள், "பெரிசாக்கிப் பாருங்கோ அண்ணை, எல்லாம் சரியாத்தான் இருக்கு." ஒரு கிழமை கழித்து, திருத்தம் இரண்டு முடிந்துவிட்டது, இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 7,500 என்றார்கள். எந்தத் திருத்தம்? பிள்ளை விளையாட்டாகச் சுவர் நிறத்தை மாற்றச் சொல்லி இரண்டு தரம் தகவல் அனுப்பியிருக்கிறாள். அதுதான் அவர்களின் இரண்டு திருத்தம்.

பிரதேச சபையில் கொடுத்துப் பார்ப்போம் என்று போனேன். அங்கே மேசையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னா: தகுதி பெற்ற ஆளின் கையொப்பம் இல்லை, காணிக்குள் வீடு எங்கே நிற்கிறது என்று காட்டும் படம் இல்லை, குறுக்குவெட்டும் இல்லை, இதை ஏற்க முடியாது. வெளியே வந்து நின்றபடியே அழைத்தேன். அந்தப் பெடியன் சொன்ன பதில், "கையொப்பம் பக்கேஜில இல்லை அண்ணை." விளம்பரத்தில் சபைக்குரிய வரைபடம் என்றுதானே போட்டீர்கள் என்றேன். "வரைபடம்தானே தந்தனாங்கள்." அம்மாவின் பாத்ரூம் பற்றி நீதானே சொன்னாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் கஸ்டமர் கெயார்தான் அண்ணை, கீறுறது வேற ஆக்கள்" என்றான். அந்த நிமிடம்தான் எனக்கு உண்மையில் கண் கலங்கியது. காசுக்காக இல்லை.

காசைத் திருப்பித் தரச் சொன்னேன், குரல் உயர்ந்தது, அவர்களின் பக்கத்தில் எழுதிய கருத்து பத்து நிமிடத்தில் காணாமல் போனது. நேற்று இலக்கமும் அடைபட்டது. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். எடுக்கத்தான் போகிறேன். ஆனால் கையில் இருப்பது ஒரு பெண்ணின் கணக்குக்குப் போன இரண்டு வைப்புச் சிலிப்பு மட்டும். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, அலுவலக விலாசம்கூட இல்லை. 85,000 ரூபாய்க்கு ஒரு துண்டுக் கடதாசி கேட்க வெட்கப்பட்ட மடையன் நான்தான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விபரமாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். காணியில் கால் வைக்காதவனிடம் பிளான் கேட்காதீர்கள். சபையில் கையொப்பம் செல்லும் ஆள் யார் என்று முதலில் சபையிலேயே கேளுங்கள். உள் அளவு கேளுங்கள், கட்டிலையும் அலுமாரியையும் கீறித் தரச் சொல்லுங்கள். முப்பரிமாணப் படத்துக்கு மயங்கி மீதிக் காசைப் போடாதீர்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

இன்று காலை மேசன் அண்ணை காணிக்கு வந்தார். முளை அடித்து, கயிறு கட்டி, அறை அறையாக நிலத்தில் போட்டுக் காட்டினார். அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு அறைக்குள்ளும் நடந்து பார்த்தா. குசினி என்று அவர் காட்டிய இடத்தில் நின்று, "காத்து இஞ்சாலதானே வாறது, அடுப்பை அங்கால தள்ளு தம்பி" என்றா. முளையைப் பிடுங்கித் தள்ளி அடித்தார். இதற்கு அவர் காசு கேட்கவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அதே பக்கம், புதுப் பதிவு. அதே சாம்பல் சுவர், அதே கண்ணாடிக் கதவு, அதே வெள்ளைக் கார். கீழே, "மாங்குளத்தில் எமது அடுத்த கனவு இல்லம்" என்று எழுதியிருக்கிறார்கள். மாங்குளத்தில் இருக்கும் அந்த வாடிக்கையாளர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இதை அவரிடம் காட்டுங்கள். ஐயா, அம்மா, யாராக இருந்தாலும், மீதிக் காசு இன்னும் அனுப்பவில்லையென்றால் இன்றிரவு அனுப்பாதீர்கள்.